மிஸ் அகஸ்டாவின் ஒரு மணி நேரம்

டெல்மர் பிக்கட்டுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் தொழில். நாற்பத்தாறு வயதுக்குள் அவன் சுட்டது என்று பார்த்தால் தன் கையைத்தான், அதுவும் செப்புக் குழாய் பற்றவைக்கும்போது. அப்படிப்பட்டவனுக்கும் பழங்கால மெஷின் கன் போற்றுவோர் சங்கத்துக்கும் என்ன உறவு என்றால், சங்கத்துக்குச் சுட ஏதாவது வேண்டும். டெல்மரின் கொட்டகையில் செத்த ஃபிரிட்ஜ்கள் குவிந்து கிடந்தன. அவ்வளவுதான் உறவு.

வருடா வருடம் அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை பன்னிரண்டு ஃபிரிட்ஜ்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, ஓக்லஹோமாவின் தென்கோடி மலையடிவாரத்தில் இருக்கும் சங்கத்தின் சுடுதளத்துக்குப் போவான். துப்பாக்கி வரிசையிலிருந்து இருநூறு கஜம் தள்ளி, சரிவின் கீழே அவற்றை நிறுத்துவான். அவன் மனைவி நோரீன் பார்வையாளர் பக்கம் கடை போட்டுச் சோள ரொட்டியும் ஐஸ் போட்ட இனிப்பு டீயும் விற்பாள். சாயங்காலம் இருவரும் தகரத் துணுக்குகளை வாரிக்கொண்டு வீடு திரும்புவார்கள்.

சங்கத்தில் நாற்பது உறுப்பினர்கள், நாற்பது துப்பாக்கிகள். துப்பாக்கிகள் எல்லாம் இரண்டு உலகப் போர்களிலும் உழைத்து ஓய்வு பெற்றவை. உறுப்பினர்களில் ஒருவரும் எந்தப் போரின் பக்கமும் தலைவைத்துப் படுத்ததில்லை. தலைவர் கர்னல் லைமன் ஸ்டௌட் பல் டாக்டர். கர்னல் பட்டத்தைச் சங்கமே தீர்மானம் போட்டு அவருக்குக் கொடுத்திருந்தது. பாதுகாப்பு அதிகாரி ராய்ஸ் பெண்டர்கிராஸ், பள்ளிக்கூட பஸ்களுக்குத் தகுதிச் சான்று எழுதி ஓய்வு பெற்றவர். நூற்றுப் பதினாறு பக்க விதிப்புத்தகம் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அங்கே துப்பாக்கி 'சுடுகிறது' என்று சொல்லக்கூடாது, 'பேசுகிறாள்' என்று சொல்ல வேண்டும். அவளுடைய உறையைக் கழற்றும்போது ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். தொப்பியில்லாதவர்கள் வாடகைக்கு ஒன்று எடுத்துக் கழற்ற வேண்டும்.

எல்லோரிலும் மூத்தவள் மிஸ் அகஸ்டா. 1917இல் பிறந்தவள், சூடு தணியக் குழலைச் சுற்றித் தண்ணீர்ச் சட்டை போட்ட கனத்த பிரிட்டிஷ்காரி. அவளைப் பேசவைக்கப் பின்புறம் இருக்கும் விசையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். அதனால் சங்கத்தில் கட்டைவிரலுக்கு ஏக மரியாதை. அந்த வருடம் மிஸ் அகஸ்டா காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணி நேரம் ஒரே மூச்சாகப் பேசிச் சாதனை செய்வதாக ஏற்பாடு. நடுவில் ஒரு நொடி நின்றாலும் சாதனை செல்லாது.

காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டெல்மருக்கு ஒன்று உறைத்தது. கடைசி ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றவில்லை. தூக்கிப்போடும் ஃபிரிட்ஜில் குழந்தைகள் ஒளிந்து மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்பதால் கதவைக் கழற்றித்தான் போட வேண்டும், அது சட்டம். இன்னும் கொஞ்ச நேரத்தில் சல்லடையாகப் போகிற ஃபிரிட்ஜுக்குக் கதவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று வேறு எவனும் விட்டிருப்பான். டெல்மரால் முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரையும் சங்கம் கொடுத்திருந்த வாக்கி டாக்கியையும் எடுத்துக்கொண்டு கீழே போனான்.

கடைசித் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து கர்னல் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"டெல்மர்! அங்கே எல்லாம் சரிதானே?"

டெல்மர் நிமிர்ந்து சிரித்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

உலகத்தில் மற்ற இடங்களில் அதற்கு 'எல்லாம் சரி' என்று பொருள். சங்கத்தில் அதற்குப் பொருள் 'பேசலாம்'.

முதல் குண்டுச் சரத்தில் கழற்றிய கதவு அவன் கையிலிருந்து பறந்தது. இரண்டாவது சரத்தில் இடது காதின் மேல்பாதி போயிற்று. வலி வருவதற்கு முன்பே அவன் பக்கத்துக் குழியில் விழுந்திருந்தான். போன வருடம் சங்கத்தார் வெடிவைத்துத் தூளாக்கிய கார் ஒன்று விட்டுப்போன குழி அது. முழங்கால் ஆழம்கூட இல்லை. முகத்தைச் சேற்றில் புதைத்துக் கிடந்தால்தான் தலை தப்பும். அவன் முகத்தைப் புதைத்தபடியே வாக்கி டாக்கியை அழுத்தினான்.

"நிறுத்துங்க! நான் இங்க இருக்கேன்! காதுல தோட்டா பட்டுடுச்சு!"

சற்று நேரம் கரகரப்பு. பிறகு ராய்ஸின் குரல் நிதானமாக வந்தது.

"தோட்டா படாது, டெல்மர். தோட்டாங்கறது பித்தளை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. அது இங்க எங்ககிட்ட இருக்கு. பட்டது குண்டு. பதட்டத்துல பாஷையைக் கோட்டை விட்டுடாதே."

"குண்டுதான்யா! குண்டுதான்! நிறுத்தச் சொல்லுங்க!"

"சொல்லலாம். யார் சொல்றதுன்னுதான் பார்க்கறேன்." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "பதினாலாம் விதி. பேச்சு ஆரம்பிக்க உத்தரவு கொடுத்தவர் யாரோ, அவர்தான் நிறுத்தவும் உத்தரவு கொடுக்கணும். கட்டைவிரலைக் காட்டினது நீ. அதனால இப்போ சுடுதளத் தளபதி நீதான்."

"சரி, நிறுத்துங்க! தளபதி சொல்றேன்!"

"வாயால செல்லாதுப்பா. எழுந்து நின்னு, உடம்பு முழுக்கத் தெரியற மாதிரி, ரெண்டு கையையும் தலைக்கு மேல வச்சுக் குறுக்கா ஆட்டணும். பத்து எண்ணற வரைக்கும்."

குழியின் விளிம்பில் மண் ஒரே சீராகக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரு ஃபிரிட்ஜ் வயிறு கிழிந்து அவன் பக்கமாகச் சாய்ந்தது. எழுந்து நின்றால் மூன்று எண்ணுவதற்குள் இடுப்புக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது என்று டெல்மருக்குத் தெரிந்தது.

"ராய்ஸ், எழுந்தா செத்துடுவேன்."

"அது உன் சௌகரியம். விதியில எழுந்து நிக்கற முறை இருக்கு. கட்டாயம்னு இல்லே."

டெல்மர் தன் வெள்ளைப் பனியனைக் கழற்றினான். படுத்தபடி ஒரு பனியனைக் கழற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் அவனுக்குப் புரிந்தது. அதை ஸ்க்ரூ டிரைவரில் சுற்றிக் குழிக்கு மேலே நீட்டி ஆட்டினான். துணியைப் பார்த்தால் பிறவி முட்டாளும் நிறுத்துவான் என்று அவன் நம்பினான்.

ஒலிபெருக்கியில் கர்னலின் குரல் குஷியாக எழும்பியது. "கனவான்களே! டெல்மர் துணி காட்டறான்! குறி தப்புதுன்னு அர்த்தம். மெர்ல், மூக்கைக் கொஞ்சம் இறக்கு. துணி இருக்கற இடத்துக்கே கொண்டு வா."

மெர்ல் ஹக்கபி அன்றைய துப்பாக்கிக்காரர். மாட்டுத் தீவனம் விற்கிறவர், சாது. சொன்னதைக் கேட்கிறவர். அவர் மூக்கை இறக்கினார். பனியன் கந்தலாயிற்று. ஸ்க்ரூ டிரைவரோடு டெல்மரின் சுண்டுவிரலும் காணாமல் போனது. அடுத்த சரம் குழியின் ஓரத்தைச் சீவிக்கொண்டு வந்து அவனுடைய கெண்டைக்காலில் ஒரு பிடி சதையை எடுத்துக்கொண்டு போயிற்று. டெல்மர் போட்ட அலறல் வாக்கி டாக்கி வழியாக மேலே போயிற்று.

"யாரு, டெல்மரா?" இந்தத் தடவை கர்னலே பேசினார். குரலில் ஒரு நெகிழ்ச்சி. "அப்பனே, ஒண்ணு கேக்கணும். அவள் பேச்சை முன்னாடியிலிருந்து கேட்டவங்க யாருமே திரும்பி வந்து சொன்னதில்லே. நாங்கல்லாம் முப்பது வருஷமா பின்னாடியே நின்னு கேட்டவங்க. அந்தப் பக்கம் எப்படி இருக்கு? கொஞ்சம் விவரமா சொல்லேன். மைக்கில போடறேன்."

"கர்னல்... ரத்தம் நிக்க மாட்டேங்குது... ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க..."

அது அப்படியே ஒலிபெருக்கியில் போயிற்று. பார்வையாளர்கள் நானூறு பேரும் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

"தத்ரூபம்!" என்றார் கர்னல். "போர்க்களத்துல இருந்து நேரடியா! ஆம்புலன்ஸா? கயித்துக்கு வெளியே நிக்குது, கண்ணு. ஆனா பேச்சு ஓடிட்டிருக்கும்போது உள்ளே வண்டி வரக்கூடாது. பாதுகாப்பு விதி."

பெல்ட்டால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு டெல்மர் கிடந்தான். இருபதாவது நிமிடத்தில் ஒரு பெண்மான் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து, சத்தத்தில் திசை கெட்டு, ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே ஓடியது. டெல்மரின் கண்முன்னால் அது இரண்டாகப் போயிற்று. முன்பாதி இன்னும் நான்கு அடி ஓடி வந்து, அவனைப் பார்த்துக்கொண்டே குழியின் விளிம்பில் விழுந்தது. அதன் கண் மூட வெகுநேரம் ஆயிற்று. மேலே கர்னல், மிஸ் அகஸ்டாவுக்கு எந்தப் பாரபட்சமும் கிடையாது, அவள் ஒருபோதும் எதிரில் இருப்பவரின் இனத்தையும் நாட்டையும் பார்த்ததில்லை, சமத்துவத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவளே என்று ஒரு சிற்றுரை ஆற்றினார்.

ராய்ஸ் விதிப்புத்தகத்தை வாக்கி டாக்கியின் மேலேயே வைத்துவிட்டார் போலிருக்கிறது. பொத்தான் அழுந்திக்கொண்டு, மேலே நடப்பதெல்லாம் டெல்மருக்குக் கேட்கத் தொடங்கியது. அப்படித்தான் தண்ணீர் விவகாரம் அவனுக்குத் தெரிந்தது.

மிஸ் அகஸ்டாவின் சட்டையில் இருக்கும் தண்ணீர் மூன்று நிமிடத்தில் கொதிக்கும். ஆவியாகப் போவதற்கு ஈடாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஒரு டிரம் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆனால் அவள் கொதிக்கவைத்த தண்ணீரில் டீ போட்டுக் குடிப்பதும் சங்கத்தின் சடங்கு. எண்ணெய் மிதக்கும் அந்த டீயை உறுப்பினர்கள் தீர்த்தம் வாங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் குடிப்பார்கள். அன்று சாதனை நாள் என்பதால் ஆளுக்கு இரண்டு கோப்பை. நாற்பத்தோராவது நிமிடத்தில் டிரம் காலி.

"தண்ணி இல்லேன்னா குழல் உருகிடும், கர்னல்," இது மெர்ல். "கட்டைவிரலை எடுத்துடவா?"

"எடுத்தா உன்னை இந்தக் கையாலேயே கொன்னுடுவேன். 1917இல் தண்ணி தீர்ந்தப்போ நம்ம வீரர்கள் என்ன செஞ்சாங்க? வாளியை எடுங்கடா. வரிசையா வாங்க."

வாளி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரமாகியும் வாளிக்குள் மூத்திரம் விழும் சத்தம் கேட்கவில்லை. உறுப்பினர்களின் சராசரி வயது அறுபத்தெட்டு. நானூறு பேர், அதில் பாதி பெண்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கும் வரவில்லை.

"முயற்சி பண்ணுங்க கனவான்களே," என்று கெஞ்சினார் கர்னல். "சரித்திரம் காத்துட்டிருக்கு."

"முக்கறேன் லைமன், வரமாட்டேங்குது."

அப்போதுதான் டெல்மருக்குப் பழக்கமான குரல் ஒன்று கேட்டது.

"கர்னல், எங்கிட்ட டீ இருக்கு. ஒரு பீப்பாய் நிறைய."

நோரீன்! அவள் முதல் அலறலிலேயே ஓடி வந்து பார்த்திருக்கிறாள். கர்னலின் சட்டையைப் பிடித்திருக்கிறாள், ராய்ஸின் முகத்தில் அறைந்திருக்கிறாள், இரண்டு உறுப்பினர்கள் அவளைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தூக்கி விட்டிருக்கிறார்கள். இதெல்லாம் பிற்பாடு அவனுக்குத் தெரிந்தது. இப்போது அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் நோரீன் இந்தக் குரலில் இரண்டு தடவைதான் பேசியிருக்கிறாள், இரண்டு தடவையும் யாராவது ஒருவர் ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

"பிரிட்டிஷ்காரிக்கு டீ!" கர்னலின் குரல் தழுதழுத்தது. "தாய்ப்பால் மாதிரி! அம்மா நோரீன், உன் புருஷன் கொடுத்துவச்சவன். ராய்ஸ், விதி?"

"பெட்ரோல் தவிர எந்தத் திரவமும் ஆகும்."

"சர்க்கரை தூக்கலா இருக்கும் கர்னல்," என்றாள் நோரீன். "இன்னும் ஒரு மூட்டை இருக்கு. போட்டுக் கலக்கித் தரேன். அவளுக்கும் தெம்பு வேணுமில்லே?"

டெல்மர் சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தான். சிரித்தது காதில் வலித்தது. சர்க்கரை காய்ந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஐஸ் மெஷின்களில் ஜூஸைக் கொட்டிவிட்டு வந்து நிற்பவர்களை அவன் வாழ்க்கை முழுதும் திட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தபடி அந்தத் திட்டையெல்லாம் கேட்டவள் நோரீன். மிஸ் அகஸ்டாவின் குழல் ஒவ்வொரு தோட்டாவுக்கும் சட்டைக்குள் முன்னும் பின்னும் போய் வர வேண்டும். பாகு இறுகினால் போனது வராது.

துப்பாக்கிகளின் குரலை வைத்துப் பிறந்த வருடத்தைச் சொல்லும் வித்தை சங்கத்தில் எல்லோருக்கும் உண்டு. டெல்மருக்கு அது தெரியாது. ஆனால் ஒரு மெஷின் சாகும்போது எப்படி மூச்சுவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஐம்பதாவது நிமிடத்தில் சத்தத்தில் ஒரு கனம் ஏறியது. கருகிய வெல்ல வாசனை இருநூறு கஜம் தாண்டி வந்தது. ஐம்பத்து நான்கில் அவள் இழுத்து இழுத்துப் பேசினாள். டெல்மர் ஒவ்வொரு இழுப்பையும் எண்ணினான். ஐம்பத்தேழாவது நிமிடத்தில் மிஸ் அகஸ்டா ஒரு முறை விக்கினாள், நின்றாள்.

சத்தம் நின்ற பிறகும் டெல்மரின் தலைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. மேலே யாரோ வாய்விட்டு அழுதார்கள். பிறகு பலர் அழுதார்கள். டெல்மருக்காக யாரும் அழுதிருக்க முடியாது என்பது அவனுக்கே தெரிந்ததால், அவன் மெல்ல எழுந்து நின்றான். ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விதிப்படி குறுக்காக ஆட்டத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று.

"உறுப்பினர்களே," என்றது ஒலிபெருக்கி. கர்னல் மூக்கைச் சிந்திக்கொண்டு தொடர்ந்தார். "நூறு வருஷத்துக்கு மேல வாழ்ந்தவள். மூணே மூணு நிமிஷம் பாக்கி இருக்கறப்போ நம்மை விட்டுப் போயிட்டா. பாவி மனசு தாங்கலே. ஒரு நிமிஷம் மௌனம். எல்லாரும் தலையைக் குனிஞ்சு கண்ணை மூடுங்க. யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது. அது முடிஞ்சதும் முப்பத்தொன்பது துப்பாக்கியும் ஒண்ணா, ஆளுக்கு ஒரு தோட்டாப் பெல்ட் முழுக்க, அவளுக்குக் கடைசி மரியாதை செலுத்தும்."

டெல்மர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பத்தும் எண்ணிவிட்டான். பார்க்க ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. வாக்கி டாக்கியில் கத்தினான். ராய்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாக்கி டாக்கியை இடுப்பில் மாட்டியிருந்தார்; அந்த அமைதியில் அங்கிருந்து அவன் குரலே அவனுக்குச் சின்னதாகக் கேட்டது. ராய்ஸ் அசையவில்லை. மௌனத்தில் பேசக்கூடாது.

அவன் நொண்டத் தொடங்கினான். பத்து அடியில் கால் மடங்கி விழுந்தான். தவழ்ந்தான். சுண்டுவிரல் இல்லாத கை மண்ணில் படும்போதெல்லாம் உயிர் போயிற்று. குழிக்குத் திரும்பிப் போகலாமா என்று பார்த்தான். முப்பத்தொன்பது துப்பாக்கிக்கு அந்தக் குழி எந்த மூலைக்கு?

அப்போது கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம் கேட்டது. எண்ணெய் காணாத சக்கரம். தலையைத் தூக்கினான்.

நோரீன் வந்துகொண்டிருந்தாள். அடுப்புக் கையுறை மாட்டிய கைகளால், ஃபிரிட்ஜ் ஏற்றும் இரட்டைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாள். வண்டியில் ஃபிரிட்ஜைக் கட்டுவதுபோலவே பட்டை போட்டு இறுக்கிக் கட்டப்பட்டு, பழுப்புப் பாகு சொட்டச் சொட்ட, ஆவி பறக்க நின்றுகொண்டிருந்தாள் மிஸ் அகஸ்டா.

மேலே ராய்ஸ் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்திருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. விதிப்புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். மௌனத்தைக் கலைக்க அதில் வழி இல்லை போலும். கர்னலின் கடிகாரம் பீப் என்றது. முப்பத்தொன்பது கட்டைவிரல்கள் விசைக்குப் போயின.

"நிறுத்து!"

காலையிலிருந்து டெல்மர் கெஞ்சிக் கேட்ட வார்த்தை அது. கர்னல் மைக்கைத் தூக்கிப்போட்டுவிட்டுத் துப்பாக்கிகளுக்கு முன்னால் ஓடி வந்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"சுடாதீங்கடா! கையை எடுங்க! அவமேல பட்டுடும்!"

இந்த ஆளுக்கும் நெஞ்சில் ஈரம் இருக்கிறது, என் பெண்டாட்டிக்காகக் குறுக்கே வந்து நிற்கிறாரே என்று டெல்மர் ஒரு கணம் நினைத்துவிட்டான்.

"வந்துட்டியா," என்றான் நோரீனிடம்.

"வராம? எழுந்திரு." நோரீன் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். காதைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். வண்டியைத் திருப்பி முன்னால் நிறுத்தினாள். "இவ பின்னாடியே நட. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒதுங்கினே, நானே கொன்னுடுவேன்."

இருவரும் மிஸ் அகஸ்டாவை முன்னால் விட்டுச் சரிவில் ஏறினார்கள். டெல்மரின் கால் பாதை நெடுக ரத்தக் கோடு போட்டது. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சக்கரம் வழியிலிருந்த பள்ளத்தில் இறங்கி வண்டி சாய்ந்தபோது கூட்டம் முழுதும் 'ஐயோ' என்றது. கர்னல் பாதித் தூரம் ஓடி வந்து, கைகளை நீட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தார்.

"பாத்து... பாத்தும்மா... மெதுவா. கல்லு கிடக்கு. அடிபட்டுடப் போகுது..."

அந்த மைதானத்தில் அன்று முழுக்க ஒருவர் வாயிலிருந்தும் 'பாத்து' என்ற வார்த்தை வரவில்லை. டெல்மருக்கு அதுவரை வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பட்டையில் கைவைத்துச் சாய்ந்துகொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். மேலே வரிசையில் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றி விலகி வழிவிட்டார்கள். கயிற்றுக்கு அப்பால் ஆம்புலன்ஸின் கதவு திறந்திருந்தது.

"வந்தாச்சு, இவளை இறக்கிக் கொடுத்துடு நோரீன்," என்றான் டெல்மர்.

"இவளையும் உள்ளே ஏத்து," என்றாள் நோரீன். "சங்கத்து வாசல் கேட்டைத் தாண்டணுமில்லே?"